கேட்சர்தான் பையைத் தூக்கணும்

பைய மேல வைக்கச் சொல்றாரு கண்டக்டர். முடியாதுண்ணே. லக்கேஜுக்கு டிக்கெட் போடணுமா, போடட்டும். ஒரு முழு ஆள் டிக்கெட்டே போடட்டும். பை என் மடியிலதான் இருக்கும். உங்களுக்கு இடிச்சா மட்டும் சொல்லிடுங்க. கொஞ்சம் அங்கிட்டு... ஆங், அம்புட்டுதான். கால மட்டும் நடைபாதைப் பக்கம் நீட்டிக்கிறேன். வலியெல்லாம் ஒண்ணுமில்ல. மடக்கியே வச்சிருந்தா மரத்துப்போகும்ல, அதுக்குத்தான்.

திண்டுக்கல் வரைக்குமா நீங்களும்? நல்லதாப் போச்சு. சேலத்துலருந்து நாலு மணி நேரம் வாய மூடிட்டு வர்றது நம்மால ஆகாது. என் பேரு சவரிமுத்து. ஆர்.எம். காலனிப் பக்கம் சீட் கவர் தைக்கிற கடை வச்சிருக்கேன். பைக்கு, ஆட்டோ, காரு, எதைக் கொண்டாந்தாலும் தைச்சுக் குடுப்பேன்.

பைக்குள்ள என்னன்னுதானே பாக்குறீங்க? ஆட்டுத்தலை ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. மூஞ்சிக்குப் போடுற கம்பிக்கூண்டு, நெஞ்சுக் கவசம், முட்டிக்கு ரெண்டு கவசம், இந்தத் தண்டிக்கு ஒரு கையுறை. நான் பேஸ்பால் ஆடுறவன்ணே. கிரிக்கெட் இல்ல. பாத்தீங்களா, நீங்களும் அதையேதான் கேக்குறீங்க. எங்க மாமனாரு செத்த அன்னிக்குக்கூட ஒருத்தர் வந்து, "மாப்ள, நீங்க ஸ்பின்னா பாஸ்ட்டா"ன்னு கேட்டாரு. அது வேற, இது வேற.

இதுல பிட்சர்னு ஒருத்தன் நடுவுல நின்னு எறிவான். பேட் வச்சிருக்கவன் அடிக்கணும். அவன் முதுகுக்குப் பின்னாடி ஒருத்தன் குத்தவச்சு உக்காந்திருப்பான் பாருங்க, அவன்தான் கேட்சர். அதுதான் நான். எல்லாரும் எறியிறவனத்தான் பாப்பாய்ங்க. ஆனா எந்தப் பந்த எறியணும்னு சொல்றது யாரு? நாங்க. ரெண்டு தொடைக்கும் நடுவுல கைய வச்சு விரலால காட்டுவோம், எதிர் டீமுக்குத் தெரியாம. எறியிறவனுக்குப் புடிச்சா தலைய மேலயும் கீழயும் ஆட்டுவான். புடிக்கலன்னா பக்கவாட்டுல ஆட்டுவான். நாங்க வேற காட்டணும். ஆட்டம் பூராம் ரெண்டு பேருக்கும் இதான் பேச்சு. புருஷன் பொண்டாட்டிக்குள்ளகூட இம்புட்டுப் பேச்சு கிடையாது.

எங்க பிட்சர் பரமசிவம். நூல் மில்லுல ஃபிட்டர். பரமுன்னு கூப்புடுவோம். எட்டு வருசம்ணே. எட்டு வருசமா அவன் எறிவான், நான் புடிப்பேன். மில்லுக்குப் பின்னாடி ஒரு பொட்டல் இருக்கு, ஞாயித்துக்கிழமையானா நாங்க ரெண்டு பேரும் அங்கதான். அவன் கல்யாணத்துக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை. அன்னிக்கும் வந்தான். அவன் பொண்டாட்டி இன்னிக்கு வரைக்கும் அதச் சொல்லிக் காட்டும். எனக்கு அதக் கேக்கக் கேக்க ஒரு சந்தோஷம்.

இப்ப மூணு மேட்ச் ஆடத்தான் டீமோட சேலம் வந்தோம். வெள்ளி, சனி, ஞாயிறு. எவன் ரெண்டு ஜெயிக்கிறானோ அவனுக்குக் கப்பு. ஆமா, இன்னிக்கு ஞாயிறுதான். ஆமா, மூணாவது மேட்ச் இந்நேரம் நடந்துட்டுத்தான் இருக்கும். நான் ஏன் இங்க இருக்கேன்னா... சொல்றேன் இருங்க. முதல்லருந்து சொன்னாத்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

எங்க டீமுல யுகேந்திரன்னு ஒருத்தன் புதுசா வந்தான். செல்போன் ஷோரூம்ல வேலை. இருவத்தி மூணு வயசு. தலைமுடியப் பாக்கணுமே, கோழிக்கொண்டை மாதிரி தூக்கி விட்டிருப்பான். பரமு அவன "யுகி"ங்குறான். யுகியாம் யுகி! வந்து ஒரு வருசம் ஆகல, அதுக்குள்ள செல்லப்பேரு. என்னைய எட்டு வருசமா "சவரி"ன்னுதான் கூப்புடுறான். அது சுருக்கிக் கூப்புடுறதுதான், செல்லமா கூப்புடுறது இல்ல. வித்தியாசம் இருக்கு, கேட்டுப் பாருங்க.

வெள்ளிக்கிழமை மேட்ச்ல நான்தான் கேட்சர். அது ஒரு கிரவுண்டாண்ணே? களிமண்ணு. குத்தவச்சா எந்திரிக்க முடியாது. மூணு பந்து என்னைத் தாண்டிப் போயிருச்சு. என்னைத் தாண்டிப் போயிருச்சுன்னுதான் எல்லாவனும் சொல்றான். பரமு அன்னிக்குத் தாறுமாறா எறிஞ்சான், அத எவனாச்சும் சொன்னானா? அப்புறம் அவய்ங்க ஆளு ஒருத்தன் முதல் பேஸ்லருந்து, அதான் ஓடிப்போய் நிக்கிற மூலை, ரெண்டாவது பேஸுக்கு ஓடுறான். நான் எந்திரிச்சு பந்த அங்க எறிஞ்சு அவன அவுட்டாக்கணும். எந்திரிச்சேன். எந்திரிக்கிறதுக்குள்ள அவன் போய் நின்னு பேண்ட்டுல மண்ணத் தட்டிக்கிட்டு இருக்கான். அவன் ஏதோ ஓட்டப் பந்தயத்துல மெடல் வாங்குனவனா இருக்கணும். அடுத்தவனும் ஓடுனான். அவனும் மெடல் வாங்குனவன்தான் போலருக்கு. அவய்ங்க டீமே அப்படி.

எங்க கோச் ராஜமாணிக்கம் சார் எந்திரிச்சு வந்தாரு. "சவரி, செத்த நேரம் வெளிய உக்காருப்பா"ன்னாரு. எல்லார் முன்னாடியும். நான் பரமுவப் பாத்தேன். "இல்ல சார், அவனே இருக்கட்டும்"னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். அவன் பந்த வச்சுத் தேச்சுக்கிட்டே கீழ பாக்குறான். கீழ என்னடா இருக்கு? புதையலா இருக்கு?

அந்த யுகேந்திரன் பய வந்து என் கூண்ட மாட்டிக்கிட்டு உக்காந்தான். அந்த மேட்ச் தோத்தோம். தோக்கத்தான செய்வோம்! ஏற்கெனவே பாதி ரன்னு போயிருச்சு, அது வேற விசயம். ஆனா தோத்தப்ப கேட்சர் யாரு? அவன்தான். அத ஞாபகம் வச்சுக்கங்க.

சாயங்காலம் லாட்ஜுல பரமு ஒரு தைலம் வாங்கிட்டு வந்தான். என் ரூமுக்கு வந்து, வேட்டிய முட்டிக்கு மேல சுருட்டச் சொல்லி, அவனே உக்காந்து தடவி விட்டான். நல்லா அழுத்தி, கெண்டைக்கால் வரைக்கும். எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. நம்ம பரமு நம்ம பரமுதான்டான்னு நெனைக்கிறேன், தடவிக்கிட்டே மெல்லக் கேக்குறான், "நாளைக்கு யுகி நிக்கட்டுமாடா?" எப்புடி இருக்கு பாருங்க! அதுக்குத்தான் தைலம்! "ரெண்டு வருசமா இந்தக் கால வச்சுக்கிட்டுப் படாதபாடு படுறேடா, டாக்டர்கிட்டப் போ போன்னு தலையால தண்ணி குடிக்கிறேன்"ங்குறான். எவன் பாடுபட்டான்? வலின்னு நான் சொன்னேனா? படி ஏறும்போது கைப்பிடியப் புடிக்கிறது ஒரு குத்தமா? நீங்க புடிக்க மாட்டீங்க?

சரி, நிக்கட்டும்னேன். நின்னு கிழிக்கட்டும்னு மனசுக்குள்ள சொன்னேன்.

நேத்து மேட்ச். நான் பெஞ்சுல. தண்ணி பாட்டில் குடுக்கிற வேலை. அந்தப் பயலுக்கு என் கூண்டு ஒழுங்கா உக்காரல. நெத்திய இறுக்கி இறுக்கி, அவன் அப்பப்பக் கழட்டித் தடவிக்கிட்டான். செவப்பாக் கோடு விழுந்திருந்துச்சு. எனக்கு அதுல ஒரு நிம்மதி, உள்ளதச் சொல்றேன். அந்தக் கூண்டு செகண்ட் ஹேண்டுல வாங்குனது, பட்டையெல்லாம் அந்து வந்துச்சு. நான்தான் நல்ல ரெக்சின் போட்டு, உள்ள ஸ்பான்ஜு வச்சு, ரெட்டைத் தையல் போட்டேன், என் தலைக்கு அளவெடுத்து. வேற எவன் தலைக்கும் அது உக்காராது.

நாலாவது இன்னிங்ஸ். கிரிக்கெட் மாதிரி இல்ல, இதுல மாறி மாறி நெறைய இன்னிங்ஸ் உண்டு. அவய்ங்க பெரிய அடிகாரன் ஒருத்தன் வந்து நிக்கிறான். மூணு பேஸுலயும் ஆளு. ஒரு அடி விழுந்தா எங்க கதை முடிஞ்சுது. இந்தப் பய என்ன காட்டப்போறான்னு உத்துப் பாக்குறேன். பெஞ்சு அவனுக்குப் பக்கவாட்டுல இருந்துச்சு, கை நல்லாத் தெரியும்.

கட்டைவிரல உள்ள மடக்குனான். மடக்குன கைய இடது முட்டியில ரெண்டு தட்டு தட்டுனான்.

அண்ணே, அது எங்க பந்து. எனக்கும் பரமுவுக்கும் மட்டும் உள்ளது. நல்ல வேகமா வர்ற மாதிரி வந்து கடைசியில தொபுக்குன்னு கீழ விழும். அந்த மில்லுப் பொட்டல்ல ஒரு வருசம் உருண்டு பெரண்டு அத உண்டாக்குனோம். அதுக்கு இந்த சைகையக் கண்டுபுடிச்சது நான். கோச்சுக்கே தெரியாது. "நம்ம பந்து"ன்னுதான் சொல்லிக்குவோம். அதப் போய் அவன் காட்டுறான். பரமு உடனே தலைய ஆட்டுறான். உடனே! என்கிட்டன்னா ரெண்டு தடவ வேணாம் வேணாம்னு ஆட்டிட்டு அப்புறந்தான் ஒத்துக்குவான்.

அடிகாரன் சுத்துனான். காத்துலதான் சுத்துனான். பந்து கீழ விழுந்து அந்தப் பய கையில போய் உக்காந்துக்கிச்சு. என்னமோ அங்கயே பொறந்த மாதிரி.

எங்க ஆளுகெல்லாம் விசிலடிக்கிறாய்ங்க. எனக்கு வயிறு எரியுது. பத்தி எரியுதுண்ணே. பொண்டாட்டி இன்னொருத்தன் கூடச் சிரிச்சுப் பேசுனாக்கூட எனக்கு இப்படி எரிஞ்சிருக்காது. இதை என் பொண்டாட்டிகிட்டச் சொல்லிடாதீங்க.

தண்ணி குடுக்குற சாக்குல பரமுகிட்டப் போய்க் கேட்டேன், "அவனுக்கு எப்புடிடா தெரியும்?"னு. "நான்தான்டா சொல்லிக் குடுத்தேன்"ங்குறான், ஒளிக்காம மறைக்காம. எப்படா? "மூணு மாசமா, சனிக்கிழமை சாயங்காலம்." சனிக்கிழமை சாயங்காலம் பாப்பாவ ட்ராயிங் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு என்கிட்டச் சொன்னவன் அவன். ட்ராயிங் கிளாஸு! நானும் கேணப்பய மாதிரி ஒரு நாள் கலர் பென்சில் டப்பா வாங்கிக் குடுத்தேன் பாப்பாவுக்கு. "உன்கிட்டச் சொன்னா நீ தாங்க மாட்டேடா, அதான் சொல்லல"ன்னான். தாங்க மாட்டேனா? யாரு? நானா? பாருங்க, எம்புட்டு அமைதியா உங்ககிட்டப் பேசிட்டு வர்றேன்.

மேட்ச் ஜெயிச்சாச்சு. பரமு ஓடிப்போய் அவனத் தூக்கிட்டான். அப்படியே தூக்கி ஒரு சுத்து. எட்டு வருசத்துல என்னைய ஒரு தடவ தூக்குனது கிடையாது. நான் கொஞ்சம் கனமான ஆளுதான், ஒத்துக்கிறேன். ஆனா தூக்கிப் பாக்கலாம்னாவது தோணியிருக்கணும்ல?

நாமக்கல்லு வந்துருச்சா? வந்து போயிருச்சா? அட. போனைப் பாத்துக்கிட்டே இருந்ததுல கவனிக்கல.

இப்ப பை விசயத்துக்கு வர்றேன். எங்க டீமுல கேட்சர் சாமான் இந்த ஒரே செட்டுதான். நாங்க என்ன பணக்கார டீமா? முன்ன ஒரு தடவ எவனோ பையத் தூக்குறேன்னு வாங்கிட்டுப் போய் வத்தலக்குண்டு பஸ்ல விட்டுட்டு இறங்கிட்டான். டிப்போவுக்கு நடையா நடந்து மீட்டேன். அன்னிக்குப் போட்டோம் விதி. கேட்சர்தான் பையத் தூக்கணும், வேற எவனும் தொடக்கூடாது. போட்டது நான்தான், ஆனா டீமே ஒத்துக்கிச்சு.

நேத்து மேட்ச் முடிஞ்சு எல்லாத்தையும் உள்ள வச்சு ஜிப்ப இழுத்துட்டு அந்தப் பய பையத் தூக்கித் தோள்ல போடப் போறான். நான் "வை"ன்னேன். ஒத்த வார்த்தை. அவன் முறைச்சிருந்தான்னாலும் பரவால்ல, ரெண்டு அறை விட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். "சரிங்கண்ணே, நீங்களே எடுத்துக்கங்க"ன்னு ரெண்டு கையாலயும் நீட்டுறான். பெரியவங்களுக்குத் தாம்பூலம் குடுக்கிற மாதிரி! அந்த மரியாதை இருக்கே, அதுதான் எனக்கு இன்னும் எரியுது.

காலையில டீ குடிச்சுட்டு வர்றேன்னு பையோட கிளம்புனேன். அப்படியே பஸ் ஸ்டாண்டு. தூக்கிட்டு வந்துட்டேன்னு சொல்லாதீங்கண்ணே, அந்தப் பார்வை வேணாம். விதி என்ன? கேட்சர் பையத் தூக்கணும். கேட்சர் யாரு? நானா அவனா? அத அவய்ங்க முடிவு பண்ணட்டும்னுதான் வந்தேன். பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸ விட்டேன். பரமு ஒரு போன் போட்டு "எங்கடா இருக்கே, வாடா, நீ இல்லாம எப்புடிடா"ன்னு சொல்லட்டும், அம்புட்டுதான் எனக்கு வேணும். சொன்னா ஓடிப்போய் நின்னிருப்பேன். மன்னிப்பெல்லாம் வேணாம். நாமக்கல்லுல கூப்புட்டாலும் இறங்கி எதிர் பஸ்ஸப் புடிக்கலாம்னு இருந்தேன். டிக்கெட் காசு போனாப் போகுது.

இதோ கரூரும் வரப்போகுது. இந்நேரம் கூண்டு இல்லாம, கையுறை இல்லாம தவிச்சுப் போயிருப்பாய்ங்க. மேட்சே நின்னிருக்கும். பரமு எறியிற பந்த வெறுங்கையில புடிச்சான்னா அந்தப் பயலுக்கு விரலு விரலா இருக்காது.

என்ன சொல்றீங்க? சேலத்துக்காரங்ககிட்ட ஒரு செட்டு இருக்குமேவா? இருக்கும்தான், அவய்ங்க கேட்சருக்கு. அவய்ங்க பேட் பண்றப்ப அவன் சும்மாதானே உக்காந்திருப்பான்னு... இருக்கலாம். ஆனா குடுப்பாங்களா? எதிர் டீமு அண்ணே. கப்பு மேட்ச். எவனாச்சும் குடுப்பானா? நான்னா குடுப்பேனா?

குடுப்பாங்களா? நீங்க என்ன நெனைக்கிறீங்க?

சரி விடுங்க. உங்களுக்குப் பேஸ்பால் தெரியாது.

அந்தக் கண்டக்டர் என்ன, இன்னும் என் காலையே பாத்துக்கிட்டு இருக்கான். மடக்க முடியலய்யா, முடிஞ்சா மடக்க மாட்டேனா? தாண்டிப் போங்க. எல்லாவனுக்கும் என் காலுதான் கண்ணுல படுது.

அரவக்குறிச்சி தாண்டியாச்சு. இன்னும் கூப்புடல பாருங்க. வேணும்னேதான் கூப்புடாம இருக்கான். இனி கூப்புட்டாலும் எடுக்க மாட்டேன். எடுத்தா என் பேர மாத்தி...

இருங்க, இருங்க. அவன்தான். பரமுதான்! அந்தப் பையச் செத்தப் புடிங்கண்ணே.

ஹலோ. ம், சொல்லு... பஸ்லதான். வேடசந்தூர் வரப்போகுது... ம்... ம்... அப்படியா... இல்லடா, வலிக்கல... நீட்டித்தான் உக்காந்திருக்கேன்... சார் என்ன சொன்னாரு... அவர்கிட்ட நீ என்ன சொன்னே?... ஓ... சரி... சரிடா... எம்புட்டு விடணும்? ... தெரியாதா? ... சரி, நான் பாத்துக்கிறேன். வை.

பையக் குடுங்க.

ஜெயிச்சுட்டாய்ங்கண்ணே. கப்பு வாங்கியாச்சு. சேலத்துக் கேட்சர் குடுத்தானாம். ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் அவனே கழட்டிக் கழட்டி இந்தப் பயலுக்கு மாட்டி விட்டானாம். என்ன மனுசன் அவன்? எதிர் டீமுக்கு மாட்டி விடுறானே, சூடு சொரணை வேணாம்? அப்படி ஒருத்தன் இருப்பான்னு நான் கனவா கண்டேன்?

பரமு ஏன் முன்னாடியே கூப்புடலன்னா, எறிஞ்சுக்கிட்டு இருந்தானாம். கை காலியானதும் முதல் போன் எனக்குத்தானாம். கால நீட்டி உக்காந்தியா, சாப்புட்டியா, ஜன்னல் சீட்டாங்குறான். பைய ஏன்டா தூக்கிட்டுப் போனேன்னு ஒரு வார்த்தை, ஒத்த வார்த்தை கேக்கலண்ணே. திட்டியிருக்கலாம்ல அவன்? "துரோகி"ன்னு சொல்லியிருக்கலாம்ல? நானும் ட்ராயிங் கிளாஸ் பத்திப் புடிபுடின்னு புடிச்சிருப்பேன்.

கோச்சு கேட்டாராம், பையும் காணோம் சவரியும் காணோம்னு. "கூண்டுப் பட்டை அந்து போச்சு சார், நான்தான் ஊருக்குக் கொண்டுபோய்த் தைக்கச் சொல்லி அனுப்புனேன்"னு இவனே சொல்லிட்டானாம். சார் உடனே, "அந்தக் காலோட போறானே, பாவம்"னாராம். டீமே உச்சுக் கொட்டுச்சாம். செவ்வாய்க்கிழமை ப்ராக்டீஸுக்கு வரும்போது சார் தொறந்து பாப்பாராம். அதனால எங்கயாவது புதுசாத் தைச்ச மாதிரி இருக்கணுமாம். அந்த ரெட்டைத் தையல் இருக்கே, லாரிய வச்சு இழுத்தாலும் பிரியாது. அத நானே பிரிச்சு நானே தைக்கணும்.

அதோட விட்டானா? "தைக்கிறதுதான் தைக்கிற, அப்படியே பட்டையக் கொஞ்சம் பெருசு பண்ணிடுடா சவரி, யுகிக்கு நெத்தி அறுக்குது, பாவம்"ங்குறான். எம்புட்டு விடணும்னு கேட்டா, தெரியாதாம். ஆள நிறுத்தி அளவெடுத்துக்கயேன்னான்.

எட்டு வருசம் என் கூண்டுக்குள்ள இருந்த மூஞ்சியப் பாத்து எறிஞ்சவன். மூணு மாசமா அவன் மூஞ்சியப் பாத்து எறியிறான். மண்டை எம்புட்டுப் பெருசுன்னு கேட்டா தெரியாதாம். எனக்குத் தெரியும்ணே. அளவெடுக்கவே வேணாம். ரெண்டு நாளா அந்த பெஞ்சுல உக்காந்துக்கிட்டு வேற எதைப் பாத்தேன்? ஒன்றரை இஞ்சு. ஒன்றரை இஞ்சு விட்டா அவனுக்குக் கச்சிதமா உக்காந்துக்கும்.